ஆள் இருக்கும் மௌனம்

எங்கள் ஒலிப்பதிவு அறையில் முதலில் மௌனத்தைத்தான் பதிவு செய்வோம். பேச்சு அதற்குப் பிறகுதான். புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஒன்றுமே இல்லாததைப் பதிவு செய்யக் கரண்ட் செலவு வேறா என்று ஒருவர் கேட்டே விட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் இங்கே வேண்டாம்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு அறைக்கும் தனக்கென்று ஒரு மௌனம் உண்டு. வாசிக்கிறவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க, அதைக் கொஞ்ச நேரம் எடுத்து வைத்துக்கொள்வோம். பிறகு வாசிப்பில் விழுந்த இருமல், தாள் புரட்டும் சத்தம், செருமல் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இந்த மௌனத்தை ஒட்டுவோம். அன்றைய வாசிப்புக்கு அன்றைய மௌனம்தான் பொருந்தும். வாசிக்கிறவர் கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும். ஏனென்றால் மனித உடம்பு சத்தத்தைக் குடிக்கும். ஆள் இல்லாத அறை லேசாகக் கணகணக்கும். ஆள் வந்து உட்கார்ந்தால் அந்தக் கணகணப்பு அடங்கிவிடும். வருடக்கணக்காக இதையே கேட்டுக்கேட்டு என் காதுக்கு அந்த வித்தியாசம் பழகிவிட்டது. மற்ற விஷயங்களில் என் காது மந்தம் என்பார் என் கணவர்.

நான் சொல்ல வந்தது குரலக்காவைப் பற்றி. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். கண் தெரியாத மாணவர்களுக்காக நாங்கள் ஒரு பேசும் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தோம். ஆங்கிலச் சொல், அதன் தமிழ்ப் பொருள்கள், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற விவரம், எல்லாவற்றையும் வாசித்தது அவள் குரல். மைக்கின் முன்னால் அவள் வேறு மனுஷி. வார்த்தை ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து எடுத்து வைப்பாள். வெளியே வந்துவிட்டால் பழையபடி லொடலொடவென்று ஆரம்பித்துவிடுவாள். டீ ஆறிப்போயிருந்தால் கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான். அந்தக் கட்டடத்தில் என் வாய்க்கு ஈடு கொடுத்தவள் அவள் ஒருத்திதான். "உனக்கு மூக்குக்கு மேல கோவம் வருது. நல்லவேளை, மூக்கு சின்னதா இருக்கு" என்பாள்.

சின்ன வயதில் அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்வதுதான் வேலை. பிறகு பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்பதோடு, கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகளின் அடையாளங்களையும் வாசிப்பாள். சிவப்புச் சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு, பெயர் சொல்லத் தெரியவில்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு தாய் ஓடி வருவாளாம். தன் குரலில் கூப்பிட்டு வராத பிள்ளையே இல்லை என்று பீற்றிக்கொள்வாள்.

வராதது அவள் புருஷன் மட்டும்தான். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு நாள் மத்தியானம், வீட்டு ஃப்யூஸ் போய்விட்டதென்று புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பினார். "தாழ் போடாதே, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். தேடாத இடமில்லை. பிணவறைவரை போய்ப் பார்த்தாயிற்று. பேருந்து நிலையத்தில் அவர் அடையாளங்களை அவளே வாசித்தாள். நீலச் சட்டை, இடது புருவத்தில் தழும்பு, வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். நாக்குக் குழறாமல் வாசித்தாளாம். பக்கத்தில் இருந்தவர்கள்தான் அழுதிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். அவள் வீட்டுக் கதவுக்குத் தாழ் போட்டதே இல்லை. வெளியே போகும்போது மட்டும் பூட்டிவிட்டு, சாவியை வாசல் நிலைக்கு மேலே வைப்பாள். அங்கேதான் வைப்பது என்று அவருக்குத் தெரியும். திருடனுக்கும் தெரிந்திருக்குமே என்று நான் கேட்டதற்கு, "திருடனாவது வரட்டுமே, வீட்டுல ஒரு ஆம்பளைக் குரல் கேட்ட மாதிரி இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். இரண்டு முறை வயிற்றில் வந்தது தங்கவில்லை. மூன்றாவது தடவை டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. அம்மா வந்தால்தான் உண்டு. அக்காவோ அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் இல்லாத நேரத்தில் அவர் வந்துவிட்டால் என்ன செய்வது, இதுதான் அவள் பயம். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். மகள் சொன்னது எனக்கும் கேட்டது.

"இல்லாத அப்பாவுக்குக் காவல் இருக்கே. இருக்கிற என்னைப் பத்தி உனக்கு நினைப்பே இல்லையாம்மா?"

அக்கா தட்டை மூடி வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே பயணச்சீட்டு வாங்கினாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான்கு பிள்ளைகளைப் பெற்ற என் அம்மா இதைக் கேட்டிருந்தால் அக்காவை எப்போதோ காதைப் பிடித்து வண்டி ஏற்றியிருப்பாள்.

கிளம்புவதற்கு முன்னால் அவள் வாசித்து முடிக்க வேண்டிய தாள்கட்டில்தான் 'ஹாண்ட்' (haunt) என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. அதற்கு நாலு பொருள். பேய் ஓரிடத்தில் நடமாடுவது ஒன்று. ஏதோ ஒரு நினைவு மனதை விட்டு அகலாமல் வருத்துவது இன்னொன்று. ஓரிடத்துக்கு ஓயாமல் போய்வருவது மூன்றாவது. அப்படிப் போய்வரும் இடத்துக்கும் அதே பெயர். இந்த வரிசையில் ஒரு நாள் வாசித்து முடித்தாள். மறுநாள் பதிப்பாசிரியர் போன் செய்தார். நல்ல மனிதர், ஆனால் அடுப்பில் வைத்ததை இறக்கியபின் உப்புப் போடச் சொல்கிற ரகம். பழைய பொருள் முதலில் வர வேண்டும், பேய் பிற்பாடுதான், சொல் வந்த வழியையும் சேர்க்க வேண்டும் என்றார். சரியென்று திரும்ப வாசிக்க உட்கார்ந்தோம்.

முதலில் மௌனம் எடுத்தேன். பிறகு அவள் ஆரம்பித்தாள். ஓரிடத்துக்கு ஓயாமல் போய்வருதல், அங்கேயே பழகிக் கிடத்தல். அதுதான் மூத்த பொருளாம். பேய் வந்து இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டது சில நூறு வருடங்கள் கழித்துத்தான். எல்லாவற்றையும் சீராக வாசித்தாள். சொல் வந்த வழிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அது பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதற்கும் பின்னால் வடகடல் நாட்டவரின் சொல் ஒன்று இருந்திருக்கலாம், அதற்கு 'வீட்டுக்குக் கொண்டுவருதல்' என்று பொருள், ஆனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று தாளில் இருந்தது.

"இதுல கொண்டுவர்றது யாரு?" என்று மைக்கிலேயே கேட்டாள். "வர்ற ஆளா, வீட்டுல இருக்கிற ஆளா?"

எனக்குத் தெரியவில்லை. பதிப்பாசிரியருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "அதெல்லாம் அகராதி சொல்றதில்லைம்மா" என்றார் அவர். "வேர்ல வீடு இருக்கலாம்னு ஒரு ஊகம், அவ்வளவுதான்." அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டு மீதியை வாசித்து முடித்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

மறுநாள் காலையில் நான் ஒட்டும் வேலையில் உட்கார்ந்தேன். பேய்ப் பொருளுக்கு மட்டும், நன்றாக வந்திருந்த முதல் நாள் வாசிப்பையே எடுத்து இங்கே பொருத்திவிடலாம் என்று நினைத்தேன். பொருந்தவில்லை. வாக்கியங்கள் ஒட்டின, நடுவில் வைத்த மௌனம் ஒட்டவில்லை. முதல் நாள் மௌனம் எப்போதும் கேட்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் மௌனம் அதைவிட அடங்கியிருந்தது. கதவு சரியாக மூடவில்லையோ என்று பார்த்தேன். ஏசியைப் பார்த்தேன். வெளியிலிருந்தே மைக் வயரைக் கழற்றி மாட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. காதில் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்து மறுபடி கேட்டேன். என் காது சொன்னது ஒன்றுதான். முதல் நாள் உள்ளே ஒருவர் இருந்தார். இரண்டாம் நாள் இரண்டு பேர்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அக்கா உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகக் கடுகடுத்தேன்.

"நேத்து உள்ளே யாரைக்கா கூட வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க? மௌனத்துல ரெண்டு பேர் இருக்கு."

அவள் கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "ரெண்டா? நல்லாக் கேட்டியா?"

"என் காதை நானே சந்தேகப்படணுமா?"

அவ்வளவுதான் பேச்சு. மத்தியானம் அவள் பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டாள் என்று தெரிந்தது. மகள் என்னைக் கூப்பிட்டாள். பேசவில்லை, அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று பதிவு அறைக்குள் போய் விளக்கைப் போட்டேன். அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

கத்தியிருப்பேன். பிறகு பார்த்தால் அது ஒரு கோட்டு. அவள் புருஷனுடைய தடித்த கம்பளிக் கோட்டு. முந்தைய நாள் ஏசி குளிருக்கு எடுத்து வந்து, போட்டுக்கொள்ளாமல் நாற்காலியின் முதுகில் மாட்டியிருக்கிறாள். என் இடத்திலிருந்து அந்த நாற்காலி தெரியாது. கம்பளி சத்தத்தை உறிஞ்சும், ஒரு ஆள் உறிஞ்சுகிற அளவுக்கே உறிஞ்சும். இதுதான் காரணம். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோட்டில் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கோட்டைக் கொண்டுபோய் அக்காவின் மேஜையில் போட்டேன். "இதுதான் உங்க ரெண்டாவது ஆள். போய் டிக்கெட் எடுங்க."

அவள் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "இருக்கலாம். ஆனா நான் அங்கே கொண்டுவந்தது கோட்டுன்னு நீ சொல்றே. வீட்டுல தினமும் நான் கேக்கறது என்னன்னு எனக்குத் தெரியணும். மத்தவங்க சொன்னா நம்ப மாட்டேன். உன் காது சொன்னா நம்புவேன். வீட்டுக்கு வந்து ஒரு தடவை மௌனம் எடுடி. யாரும் இல்லைன்னு நீ சொல்லிட்டா அடுத்த வண்டிக்கே கிளம்பறேன்."

மகளின் அழுகை காதிலேயே இருந்தது. பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அவள் வீட்டுக்குள் நான் அதற்கு முன்னால் போனதில்லை. முன்னறையில் சுவரிலிருந்து சுவருக்குக் கயிறு கட்டி, அவருடைய சட்டைகளை வரிசையாக மாட்டியிருந்தாள். பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று காற்றாட விட்டிருக்கிறாளாம். குனிந்து, சட்டைகளுக்கு நடுவே வழி விலக்கித்தான் உள்ளே போக முடிந்தது. கட்டிலில் அவர் மெத்தை, அதன்மேல் கம்பளிகள். கதவோரம் அவர் செருப்பு, வாசலைப் பார்த்தபடி. குளியலறையில் இரண்டு பல் தேய்க்கும் பிரஷ். அவளுடைய சாமான்கள் எல்லாம் சமையலறை மூலையில் ஒரு அலமாரியில் அடங்கிவிட்டன.

கருவியை முன்னறையின் நடுவில் வைத்தேன். முதலில் அவள் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்க, நான் தெருவில் நின்றேன். அடுத்ததாக இருவருமே வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்வீட்டில் யாரோ துணி அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாத்திய கதவையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன்.

சமையலறையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினேன். முதல் மௌனம். பிறகு இரண்டாவது. தவறுதலாக ஒன்றையே இரண்டு தடவை கேட்டுவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

"எத்தனை பேர்?" என்றாள்.

"எண்ண முடியலைக்கா. வீடு முழுக்கத் துணி. நெறைஞ்சு இருக்கு."

"நான் உள்ளே இருந்தப்போ?"

"அடைச்ச மாதிரி இருக்கு."

"நான் வெளியே போனப்போ?"

பூசி மெழுகியிருக்கலாம். எனக்கு அது வராது. "அதே மாதிரிதான் இருக்கு. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை."

அவள் ஹெட்ஃபோனை என் தலையிலிருந்து கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். ஆயிரக்கணக்கான மௌனங்களுக்கு நடுவே உட்கார்ந்து பழகிய காது அவளுடையது. என்னைவிடக் கூர்மை. இரண்டையும் கேட்டாள். மறுபடி கேட்டாள். அவள் முகம் வெளிறிப்போனது.

"இதுல நான் எங்கடி?" என்றாள். "உட்கார்ந்திருந்தேனே. மூச்சு விட்டேனே. நான் எங்கே?"

துணிகள் அதிகம், அதனால் ஓர் ஆள் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. சமையலறைச் சுவரைப் பார்த்தபடி, மைக்கின் முன்னால் பேசுகிற அந்த வேறு மனுஷியின் குரலில் சொன்னாள்:

"ஹாண்ட். வினைச்சொல். ஒன்று: ஓரிடத்துக்கு ஓயாமல் போய்வருதல். அங்கேயே பழகிக் கிடத்தல்."

பட்டப்பகல். ஜன்னல் திறந்திருந்தது. இருந்தும் நான் எழுந்து விளக்கைப் போட்டேன்.

"பேயெல்லாம் பின்னாடி வந்துதானே ஒட்டிக்கிச்சு" என்றாள், இப்போது தன் குரலிலேயே. "இந்த வீட்டுல நடமாடுறது அவர் இல்லடி. நான். ஒன்பது வருஷமா நான்தான்."

பிறகு அழுதாள். பேருந்து நிலையத்தில் அழாத அழுகை, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல். நான் அவள் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள்மேல் எனக்கு இருந்த கோபம் அத்தனையும் அங்கேயே கரைந்துபோயிற்று. எத்தனை தனியாக இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "சும்மா நிக்காதே. அந்தப் பக்கம் கயித்தைப் பிடி" என்றாள். சட்டைகளை இறக்கினோம். மெத்தை, கம்பளி, செருப்பு, கோட்டு எல்லாம் ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போயின. கடைசியில் வெறும் சுவர்தான் மிச்சம். பேசினால் வீடு திருப்பிப் பேசியது. அந்த வாரமே வண்டி ஏறினாள். வீட்டைப் பூட்டிச் சாவியை வழக்கம்போல நிலைக்கு மேலே வைத்தாள். அதை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குழந்தை பிறந்தது. பெண். குறைப்பிரசவம்தான், ஆனால் பிழைத்துக்கொண்டது. பாட்டி வேளைக்கு வேளை துடைத்து, மாரோடு அணைத்து வைத்திருந்ததால்தான் என்று மகள் போனில் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். வீட்டை வாடகைக்கு விடப்போகிறாளாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை காலி வீட்டின் மௌனத்தை எடுத்து அனுப்பச் சொன்னாள். "சும்மா, கேட்டுட்டு மறந்துடலாம்னுதான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். சாவி இருந்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். ஒரு துணி இல்லை, ஒரு பாய் இல்லை. கையைத் தட்டினால் காலிக் குடத்துக்குள் தட்டியது போலக் கேட்டது. கருவியை முன்னறையின் நடுவில் வைத்து ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். பிறகு போய் எடுத்துக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்டேன்.

கணகணப்பு இல்லை. அடங்கியிருந்தது. அளவாக, ஒரே ஓர் ஆள் அளவுக்கு.

திரும்ப உள்ளே போகக் கால் வரவில்லை. இருந்தாலும் போனேன், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு. வெறும் சுவர், வெறும் தரை. கையைத் தட்டினேன். குடச் சத்தம் வரவில்லை. பூட்டிச் சாவியை மேலே வைத்தபோது அது ஒரு தடவை கீழே விழுந்தது.

இதை அனுப்பினால் அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். அங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறது. என்னிடம் காலி அறைகளின் மௌனம் எத்தனையோ இருக்கிறது. அதில் ஒன்றை அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. எடுத்தும் வைத்துவிட்டேன். ஆனால் ஒன்பது வருடம் காத்திருந்தவளுக்குப் பொய் மௌனத்தை அனுப்ப மனசு வரவில்லை. உள்ளதை அனுப்பிவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிட்டாள். பின்னால் குழந்தை சிணுங்குவதும், தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டன.

"ஒருத்தர் இருக்கார்" என்றாள்.

"ஆமாக்கா."

"தாழ் போடலியே?"

"இல்லக்கா. சாவி மேலேதான் இருக்கு."

வந்துவிடாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்திருந்தேன். இப்போ அவர் கொஞ்சம் உட்காரட்டும். வச்சிடறேண்டி, தண்ணி ஆறிடும், குழந்தையைக் குளிப்பாட்டணும்."